லுஹர் சோறு, அஸர் சோறு

"நல்லாச் சூடாக்கிச் சாப்பிட்டா ஒண்டும் செய்யாது" என்ற வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம் ஊர்களில் இருக்க முடியாது. பெருநாள் இறைச்சிக்கும் அதுதான், கலியாண வீட்டிலிருந்து வந்த புரியாணிப் பொதிக்கும் அதுதான், சஹருக்கு எடுத்து வைத்த இரவுச் சோற்றுக்கும் அதுதான் தீர்ப்பு. உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு இந்த வசனத்தோடு ஒரு வழக்கு ஏற்பட்டுவிட்டது. வீட்டில் சொன்னால், "ரெண்டு புத்தகம் படிச்சதும் சமையல் பழக்க வந்திட்டா" என்று சிரிக்கிறார்கள். ஆகவே வழக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த வசனம் முழுப் பொய்யல்ல. சல்மொனெல்லா போன்ற பற்றீரியாக்கள் நன்கு சூடேறினால் இறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் உணவு நஞ்சாதலில் இன்னொரு வகை உண்டு. அதில் நம்மை வாந்தி எடுக்க வைப்பது பற்றீரியா அல்ல. அது சோற்றிலோ கறியிலோ வளரும்போது சுரந்துவிட்டுப் போன தொட்சின். கள்வனைப் பிடித்துவிட்டோம், அவன் கிணற்றில் போட்ட மருந்து கிணற்றிலேயே இருக்கிறது. சூடாக்குவதால் பற்றீரியா சாகும். தொட்சின் அப்படியே இருக்கும்.

இந்த வேலையைச் செய்பவற்றுள் முதலாவது ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ். நுணுக்குக்காட்டியில் திராட்சைக் குலை போலத் தெரியும். இது எங்கோ சாக்கடையில் இருந்து வருவதில்லை. சுகதேகியான மனிதர்களில் ஐந்தில் ஒருவர் அளவிலானோரின் மூக்கினுள் எப்போதும் குடியிருக்கிறது. தோலிலும் வாழும். விரலில் ஒரு வெட்டுக்காயமோ சீழ்க்கொப்புளமோ இருந்தால் அங்கே பெருந்தொகையாக இருக்கும். மூக்கைத் தொட்ட கை, காயம் பட்ட கை, வெந்து இறக்கிய கோழியைப் பிய்க்கிறது, சலாதுக்கு வெங்காயம் பிசைகிறது, வட்டிலப்பத்தை வெட்டுகிறது. சமைத்த உணவில் ஏனைய பற்றீரியாக்கள் வெந்து இறந்துவிட்டதால் இதற்குப் போட்டியும் இல்லை. உப்பு அதிகமான உணவில்கூட இது சளைக்காமல் வளரும். வளர்ந்த உணவில் மணம் மாறாது, சுவை மாறாது, நூல் விடாது. "மணந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்திச்சு" என்று உம்மாமார் சொல்வது உண்மை. மூக்கு இங்கே சாட்சி சொல்லத் தகுதியற்றது.

இது சுரக்கும் தொட்சின் ஒரு புரதம். புரதம் என்றால் சூட்டில் இயல்பு மாறும் என்று படித்திருக்கிறோம்; முட்டையின் வெள்ளைக்கரு அதற்கு உதாரணம். இந்தப் புரதமோ அரை மணித்தியாலம் கொதித்தாலும் வேலை செய்யும் அளவுக்கு மிஞ்சும். இரைப்பையின் பெப்சின் நொதியத்துக்கும் எளிதில் அடங்காது. ஒரு மைக்ரோகிராமிலும் குறைந்த அளவே ஒருவரை வாந்தி எடுக்க வைக்கப் போதும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இதைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. 1914ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் பார்பர் என்ற ஆய்வாளர், ஒரு பண்ணைப் பால் ஏன் மனிதரைச் சுகவீனப்படுத்துகிறது என்று தேடினார். கறந்தவுடன் குடித்த பால் ஒன்றும் செய்யவில்லை. குளிரூட்டாமல் சில மணித்தியாலம் வெளியே இருந்த பாலைக் குடித்தபோது அவரே நோயுற்றார். மாட்டின் மடியில் அழற்சி இருந்தது. அதே மாடு, அதே பால். நேரம் மட்டும்தான் வேறு. 1930இல் சிக்காகோவில் டக் என்பவரும் அவரது குழுவினரும், கிறீம் வைத்த கேக் உண்டு நோயுற்றவர்களின் விடயத்தை ஆராய்ந்து, பற்றீரியாவை வடித்து நீக்கிய திரவமே வாந்தியை உண்டாக்கப் போதும் என்று காட்டினார்கள்.

சூடாக்கல் பற்றிய நம் நம்பிக்கைக்கு எதிராக நான் முதலில் நிறுத்தும் சாட்சி ஒரு விமானம். 1975 பெப்ரவரியில் ஜப்பானிலிருந்து ஐரோப்பா சென்ற ஒரு பயணிகள் விமானம் அலாஸ்காவில் இறங்கி உணவு ஏற்றிக்கொண்டது. காலை உணவு உண்டு சிறிது நேரத்துக்குள் வாந்தி தொடங்கியது. 340க்கும் அதிகமான பயணிகளில் ஏறக்குறைய 200 பேர் நோயுற்றார்கள். கோப்பன்ஹேகனில் இறங்கியதும் 140 பேர் அளவில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். சமைத்தவர்களில் ஒருவரின் விரல்களில் கொப்புளங்கள் இருந்தன. அவர் கை பட்ட முட்டைப் பொரியல் பல மணித்தியாலங்கள் போதிய குளிரின்றிக் கிடந்து, பின்னர் விமானத்தின் அடுப்பில் சூடாக்கிப் பரிமாறப்பட்டது. இதைச் சொன்னபோது வகுப்பில் ஒருத்தி, "அதில பன்றியிறைச்சி இருந்திச்சாமே, அதுதான்" என்றாள். இருந்தது உண்மை. ஆனால் அந்த விரல் ஹலாலான கோழியைத் தொட்டிருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும். பற்றீரியாவுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இரண்டாவது சாட்சி ஜப்பானின் பால் மா. 2000ஆம் ஆண்டு ஒசாக்காவைச் சுற்றி 13,000க்கும் மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தின் பாலைக் குடித்து நோயுற்றனர். தேடிப் பார்த்தபோது காரணம் தூரத்தில், ஹொக்கைடோவின் ஒரு தொழிற்சாலையில் இருந்தது. அங்கே மார்ச் மாத இறுதியில் சில மணித்தியாலங்கள் மின்சாரம் தடைப்பட்டது. குளிரூட்டப்படாமல் நின்ற பாலில் பற்றீரியா பெருகித் தொட்சினைச் சுரந்துவிட்டது. பிறகு அந்தப் பாலை முறைப்படி வெப்பமேற்றினார்கள், பற்றீரியாவும் இறந்தது. தொட்சின் மட்டும் மாவோடு சேர்ந்து ஒசாக்கா வரை பயணம் செய்தது. ஒரு தொழிற்சாலையின் இயந்திரம் வெப்பமேற்றியே போகாத நஞ்சு, நம் கேஸ் அடுப்பில் பத்து நிமிடத்தில் போய்விடும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறோம்?

அடுத்தது பசிலஸ் சீரியஸ். சோறு தின்னும் நாட்டில் பிறந்த நமக்கு இதுதான் நெருங்கிய உறவு. மண்ணில் வாழ்வது, நெல்லோடு வீட்டுக்கு வருவது. சூழல் கடினமானால் அகவித்தியாகிவிடும். சோறு கொதிக்கும்போது சாதாரணப் பற்றீரியாக்கள் இறக்க, இந்த வித்திகள் தப்பிவிடும். சோறு மெல்ல ஆறும்போது, இளஞ்சூடு வந்ததும் முளைத்து எழும். 1970களில் இங்கிலாந்தில், சீன உணவகங்களின் பொரித்த சோறு உண்டவர்கள் ஓரிரு மணித்தியாலத்தில் வாந்தி எடுத்த சம்பவங்கள் தொடர்ந்தபோதே இதன் குணம் விளங்கியது. குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் சோறு கட்டி பட்டுவிடும் என்று, முதல்நாள் அவித்ததை வெளியே வைத்து மறுநாள் எண்ணெயில் புரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சந்தியில் இரவில் "ரைஸ்" போடும் கடைகளை எண்ணிப் பார்க்கிறேன். அவர்களும் சோற்றை மாலையிலேயே அவித்துப் பரப்பி வைப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு சிறு கணக்கு. ஒரு கிராம் சோற்றில் 100 பற்றீரியாக்கள் முளைத்தன என்றும், நம் வெக்கையில் அவை அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கின்றன என்றும் கொள்ளுங்கள். ஆறு மணித்தியாலத்தில் பன்னிரண்டு தடவை இரட்டிக்கும். ஒரு கிராமில் நான்கு லட்சத்துக்கு மேல். தொட்சின் ஆபத்தான அளவை எட்ட இவ்வளவு தொகை போதுமாக இருக்கலாம்.

வாந்தியை உண்டாக்கும் அந்தத் தொட்சினின் பெயர் செரியுலைட். சிறிய வளைய வடிவ மூலக்கூறு. 121 பாகை செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. நமது ஆய்வுகூடத்தில் கிருமியழிக்கும் பாத்திரத்தை அதே 121 பாகையில் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு "இனி ஒன்றுமே உயிரோடு இல்லை" என்று கூறுகிறோம். வீட்டுப் பிறஷர் குக்கர் எந்த மூலைக்கு? இந்த மூலக்கூறு பொற்றாசியம் அயன்களைக் காவிச் சென்று இழைமணிகளின் வேலையைக் குழப்பும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நோய் தானாகத் தணிந்துவிடும். ஆனால் எப்போதும் அல்ல. 2008இல் பெல்ஜியத்தில் இருபது வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் சமையலறையில் வெளியே இருந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கி உண்டுவிட்டு, அன்றிரவு உறக்கத்திலேயே இறந்துபோனார். அதே நாட்டில் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், சரியாகக் குளிராத பெட்டியில் வைத்திருந்த பாஸ்தா சலாதைத் தின்ற ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். "வாந்திதானே" என்று சொல்பவர்கள் இந்த இரு பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தொட்சின் குடலைத் தொட்டதும் வேகசு நரம்பு வழியே செய்தி மூளைக்குப் போகிறது; நீள்வளைய மையவிழையம் வாந்திக்குக் கட்டளையிடுகிறது. இதை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. ஆய்வுகூட எலிகளுக்கு வாந்தி எடுக்கவே தெரியாது. எனவே நம் குசினிச் சுவரோரம் கீச்சிட்டுக்கொண்டு ஓடுமே மூஞ்சூறு, அதைப் பயன்படுத்தினார்கள். அது நன்றாக வாந்தி எடுக்கும். நாம் விளக்குமாற்றால் துரத்தும் பிராணிக்கு விஞ்ஞானத்தில் இப்படியும் ஓர் இடம் இருக்கிறது.

தொட்சின் உணவிலேயே தயாராக இருப்பதால் வாந்தி வேகமாக வரும். அரை மணித்தியாலம் முதல் ஆறு மணித்தியாலம் வரை. இதற்கு அன்டிபயோட்டிக் கேட்டு வைத்தியரைத் தொந்தரவு செய்வதில் பொருளில்லை. கொல்வதற்கு அங்கே கிருமி இல்லை. ஜீவனி கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்க வேண்டும். குழந்தைகள், வயோதிபர், சோர்ந்து மயங்குபவர் என்றால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி நமது விருந்துகளுக்கு வருகிறேன். நமக்குக் கடிகாரமே தேவையில்லை, பாங்கு போதும். கலியாணச் சோறு சுபஹுக்குப் பிறகு அவிகிறது. லுஹருக்குப் பின் ஸஹன் வைக்கப்படுகிறது. ஆறு பேர் ஒரே ஸஹனில் கை வைத்து உண்பதைக் கண்டு "அதுதான் நோய்க்குக் காரணம்" என்று சில படித்தவர்கள் முகம் சுழிப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையிலிருந்து சோற்றுக்குப் போன ஸ்டெபிலோகொக்கஸ் தொட்சின் சுரக்க மணித்தியாலங்கள் வேண்டும். ஆறு பேரும் அதற்குள் உண்டு முடித்துக் கை கழுவிவிடுவார்கள். பிரச்சினை அவர்கள் எழுந்த பிறகு தொடங்குகிறது. மிச்சம் திரட்டப்படுகிறது. கிடாரத்து அடிச் சோறும் ஸஹனில் மிஞ்சிய சோறும் சில இடங்களில் ஒன்றாகவே கலக்கப்படுகின்றன. பந்தலின் ஓரத்தில், வெயிலில், மூடியபடி கிடக்கிறது. முக்கியமான விருந்தாளிகள் எல்லோரும் போன பிறகு, அஸருக்கு மேல், யாருக்காவது ஞாபகம் வருகிறது: "மிச்சத்தை ஏழைகளுக்குக் குடுத்து விடுங்க."

எங்கள் பகுதியில் ஒரு கலியாணத்தன்று அப்படித்தான், தையல் வேலை செய்யும் பெண்பிள்ளைகள் சிலர் தங்கியிருந்த வீட்டுக்குச் சோறு போனது. மஃரிபுக்குப் பிறகு சூடாக்கி உண்டார்கள். இஷாவுக்கு முன்னரே வாந்தி. அவர்களுள் ஒருத்தி எனக்குத் தெரிந்தவள். என் வயதுதான், சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவள். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, இரண்டு நாள் சம்பளமும் இல்லை. அவள் சொன்னதைவிட ஊரார் சொன்னவைதான் என்னை அதிகம் உறுத்தின. கண்ணூறு என்றார்கள். காணாததைக் கண்டதுபோல் அளவுக்கு மிஞ்சித் தின்றிருப்பார்கள் என்றார்கள். "நாங்களும் அதே சோறுதானே சாப்பிட்டோம், எங்களுக்கு ஒண்டும் வரல்லையே" என்றார்கள். அதே சோறு அல்ல! இவர்கள் தின்றது லுஹர் சோறு. அவள் தின்றது அஸரையும் கடந்த சோறு. இடைப்பட்ட மணித்தியாலங்களை யாரும் கணக்கிலெடுக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இதுதான். விருந்தில் பணக்காரரும் ஏழையும் ஒரே கிடாரத்தில்தான் உண்கிறார்கள் என்று பெருமைப்படுகிறோம். கிடாரம் ஒன்று, நேரம் வேறு. யார் கடைசியாக உண்கிறாரோ அவருக்குத்தான் தொட்சின் அதிகம் கிடைக்கிறது. கடைசியாக உண்பவர் யார் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: பந்தல் கழற்றும் பிள்ளைகள், பாத்திரம் கழுவும் பெண்கள், விடுதியில் தங்கி ஓதும் மாணவர்கள், காவல்காரர்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "சோத்தக் கொட்டுறது பாவமில்லையா?" என்பது. பாவம்தான், வீண்விரயத்தை மார்க்கம் வெறுக்கிறது என்பதை நானும் மத்ரஸாவில் ஓதித்தான் வந்திருக்கிறேன். ஆனால் வீண்விரயம் அஸருக்குக் கொட்டும்போது தொடங்குவதில்லை. இருநூறு பேருக்கு அழைப்புக் கொடுத்துவிட்டு, குறைந்துவிட்டால் மானம் போய்விடும் என்று முந்நூறு பேருக்கு அரிசி போட்டார்களே, அங்கே தொடங்கியது. நமது கௌரவத்தால் வந்த மிச்சத்தை இன்னொருவரின் வயிற்றில் கொட்டிவிட்டு அதற்கு ஸதகா என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கொடுக்க விரும்பினால் கிடாரம் இறங்கியவுடன், முதல் ஸஹன் நிரம்புவதற்கு முன்பே, அவர்களின் பங்கைச் சுடச்சுட எடுத்து அனுப்ப முடியும். அதற்கு ஒரு முச்சக்கரவண்டிக் கூலிதான் மேலதிகச் செலவு.

"எங்கட உம்மும்மா காலத்தில பிரிட்ஜா இருந்திச்சு?" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. அவர்கள் அந்தந்த நேரத்துக்கு அளந்து சமைத்தார்கள். இரவில் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிப் பழஞ்சோறாக்கினார்கள். அதில் புளிப்பை உண்டாக்கும் பற்றீரியாக்கள் பெருகுவதால் மற்றவற்றுக்கு வளர வசதி குறைகிறது. இறைச்சியும் நெய்யும் கலந்த முந்நூறு பேர்ச் சோற்றை மூடி வைத்துவிட்டு அதைப் பழஞ்சோற்றோடு ஒப்பிட முடியாது. பெரிய கிடாரத்தின் நடுப்பகுதி இரவு முழுவதும் இளஞ்சூட்டிலேயே இருக்கும். அப்படியே தூக்கிப் பெட்டியில் வைத்தாலும் நடுப்பகுதி ஆறாது. தட்டையான பாத்திரங்களில் பிரித்துப் பரப்பி, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிரில் வைக்க வேண்டும். அல்லது 60 பாகைக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். குளிர்சாதனப்பெட்டி இருக்கிறது என்பதும் முழுப் பாதுகாப்பல்ல. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்போது அந்தப் பெட்டி வெறும் அலுமாரிதான்.

ஒரு விடயம் மிச்சம் இருக்கிறது. சமையல்காரரின் விரல். நோய் வந்தால் ஊர் முதலில் திட்டுவது அவரைத்தான். ஆனால் கோழி வெட்டும்போது கையை வெட்டிக்கொண்டவர் "இன்று என்னால் முடியாது" என்று சொன்னால் அன்றைய கூலி கிடைக்குமா? கிடைக்காது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார். அவரிடம் சுத்தத்தைப் பற்றிப் பேசும் வீட்டுக்காரர், காயப்பட்ட கைக்காரருக்கு விறகு பார்க்கும் வேலையைக் கொடுத்து, கூலியைக் குறைக்காமல் விட்டால் அது பத்து அறிவுரைக்குச் சமம். கையுறையும் சவர்க்காரமும் தண்ணீரும் வைத்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமையே. மண்டபத்துக்கும் மணப்பெண்ணின் அலங்காரத்துக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கும் இடத்தில், சமையல் கொட்டிலில் கை கழுவ ஒரு குழாய் இல்லாததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கலியாணங்களில் பார்த்துவிட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு வலீமா இருக்கிறது. சாச்சாவிடம் இரண்டே கோரிக்கைகள் வைத்திருக்கிறேன்: பாத்திரம் கழுவும் பெண்களுக்கான ஸஹன் முதல் பந்தியோடு வைக்கப்பட வேண்டும், கொட்டிலுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி வேண்டும். தண்ணீர்த் தாங்கிக்குச் சம்மதித்துவிட்டார். முதல் பந்தியைப் பற்றி, "பெரியாக்கள்ட கேட்டுச் சொல்றன்" என்றிருக்கிறார்.